தோள்பட்டைக் கிழிசல்

கிழிந்த துணி அந்த வீட்டுக்குள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். கிழிந்தபடியே திரும்பிப் போக மட்டும் அவள் விடமாட்டாள். அப்படியொரு பிடிவாதக்காரி. தெருவில் அவளுக்கு இழைக்காரி என்று பெயர். சிகரெட் நெருப்பு பட்டு ஓட்டை விழுந்த கோட்டு, பூச்சி அரித்த கம்பளிச் சட்டை, ஆணியில் மாட்டி முழ நீளத்துக்குக் கிழிந்த கால்சட்டை, எல்லாம் அவளிடம்தான் வரும். ஒட்டுப் போடுவது அவளுக்குப் பிடிக்காது. அதே துணியின் உள்மடிப்பிலிருந்து நூலை ஒவ்வொன்றாக உருவி, அந்த நூலாலேயே ஓட்டையை அடைப்பாள். வாங்க வருகிறவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா கிழிஞ்சிருந்துது?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் கூலி என்பாள். அதற்காகக் காசை வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டாள், அது வேறு.

வேலை நடப்பது வீட்டின் முன்னறையில். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. கூரைதான் பாவப்பட்டது. பழைய தகர ஷீட்டு, ஏழு இடத்தில் ஒழுகும். ஏழும் அவளுக்குப் பாடம். வானம் கறுத்தால் போதும், துணிகளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஒழுகும் இடங்களில் வாளியும் சட்டியும் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. போன மாதம் அவள் கண் அசந்த நேரத்தில் எட்டாவதாக ஓர் இடம் ஒழுகி, ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையில் துருத்தண்ணீர் சொட்டிவிட்டது. கறையெடுக்க மூன்று நாள் ஆனது. அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"மழை பிடிக்கிறதுக்குள்ள கூரையை மாத்தலைன்னா நான் தொழிலையே மூட்டை கட்ட வேண்டியதுதான்."

கூரை போடுகிறவர் வந்தார், ஏறினார், தட்டிப் பார்த்தார், இறங்கினார், ஒரு தொகையைச் சொன்னார். அவ்வளவு காசுக்கு அந்த வீட்டில் வழியில்லை.

அப்போதுதான் பீரோவிலிருந்த ஜெர்சியின் ஞாபகம் மகளுக்கு வந்தது. அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், செல்போனில் எதை எங்கே விற்கலாம் என்று தெரிந்தவள். விளையாட்டுக்காரர்கள் போட்ட சட்டை, அடித்த மட்டை, கையெழுத்துப் போட்ட பந்து இதையெல்லாம் ஏலம் விடுவதற்கென்றே ஓர் இணையதளம் இருந்தது.

ஜெர்சி அவள் அப்பாவுடையது. அவர் கால்பந்துக் கிளப் ஒன்றுக்குப் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கிளப் கோப்பையை ஜெயித்த அன்று கேப்டன் போட்டிருந்த நீல ஜெர்சி அது. வெள்ளைக் காலர், முதுகில் ஒன்பதாம் நம்பர், இடது தோளில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். அந்தக் கிழிசலைப் பற்றி டிரைவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

விற்பனைக் குறிப்பை மகள் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தோள்ல கிழிசல் எப்படி வந்துச்சுன்னு கேக்குதுப்பா. என்ன போடட்டும்?"

"என்ன போடவா? அது ஊருக்கே தெரியுமே! கேப்டன் பந்தோட ஓடுறார். பின்னாடியிருந்து ஒரு தடியன் சட்டையைப் பிடிச்சு இழுக்குறான். டர்ர்ருனு கிழியுது. மனுஷன் நின்னாரா? கிழிஞ்ச சட்டையோட போய் அடிச்சார் பாரு ஒரு கோலு!"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் அங்கதானே இருந்தேன்!"

'நேரில் பார்த்தவர் சொன்னது' என்று மகள் சேர்த்துக்கொண்டாள். ஆறு படங்களில் மூன்று கிழிசலின் படம். கீழே தளத்துக்காரர்களின் எச்சரிக்கை வேறு தடித்த எழுத்தில் இருந்தது. வாங்குகிறவர் படங்களை நன்றாகப் பார்த்து, சந்தேகம் இருந்தால் கேட்டுவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும், சொன்ன விலையிலிருந்து பின்வாங்கக் கூடாது என்று. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏலம் முடிகிற நேரம். போனைத் தையல் மேஜை மேல் சாத்தி வைத்துவிட்டு மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். காலையிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த விலை கடைசிப் பத்து நிமிஷத்தில் எழுந்து ஓட்டமெடுத்தது. இரண்டே பேர், ஒருவர் விட்டால் மற்றவர் பிடிக்கிறார்.

"அம்மாடி! இவங்களுக்கெல்லாம் வீட்ல கேக்க ஆளில்லையா?" என்றாள் இழைக்காரி. வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு ஷீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது.

முடிந்தபோது முழுக் கூரைக்கும் போக, சுவருக்கு ஒரு கை வெள்ளையடிக்கவும் தேறும்போல இருந்தது. சனிக்கிழமை வரும்படி கூரைக்காரருக்கு டிரைவர் உடனே போன் போட்டார்.

மறுநாள் மகள் வேலைக்குப் போகும்போது, "அம்மா, அந்த ஜெர்சியைக் கொஞ்சம் மடிச்சுக் கவர்ல போட்டு வைங்க. சாயங்காலம் வந்து பார்சல் கட்டிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். டிரைவர் தபாலுக்கு அட்டைப்பெட்டி தேடக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

இழைக்காரி ஜெர்சியை மேஜையில் விரித்தாள். நீவினாள். இடது தோளில் கை வந்ததும் நின்றுவிட்டது.

இத்தனை வருஷமாக அது பீரோவில் கிடந்த பொருள், கணவனின் ஞாபகப் பொருள், அதில் அவள் ஊசி வைத்ததில்லை. இப்போது அப்படியில்லை. காசு கொடுத்து ஒருவர் வாங்கியிருக்கிறார், இந்த வீட்டிலிருந்து போகிறது. அவ்வளவு விலை கொடுத்தவருக்குக் கிழிந்த துணியையா அனுப்புவது? நாளைக்கு அவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, தையல் வேலை செய்கிற வீடாம், ஒரு கிழிசலைத் தைக்க நாதியில்லை என்று சொல்லமாட்டாரா? தளமும் ஏலமும் எச்சரிக்கையும் அவள் தலையில் அப்போது இல்லவே இல்லை. கிழிசல் ஒன்றுதான் கண்ணில் இருந்தது.

நல்ல பருத்திப் பின்னல். உள்மடிப்பைப் பிரித்து நூல் உருவினாள். நீலம் வெளியே வெளுத்து உள்ளே வெளுக்காமலிருந்தது, அதனால் உருவிய நூலை அரை மணிநேரம் ஜன்னல் வெயிலில் ஈரத்தோடு போட்டு, போதாமல் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிறம் சேருகிற வரை விடவில்லை. சிலும்பி நின்ற ஓரங்களைக் கத்திரியால் நறுக்கினாள். துணி விறைப்பாக நிற்க அடியில் மரக்குமிழைக் கொடுத்து, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியாக எடுத்துக் கோர்த்தாள். பகல் சாப்பாடு ரொட்டியும் அவித்த முட்டையும், அதையும் இடது கையாலேயே சாப்பிட்டாள். நாலு மணிக்கு ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்து எடுத்தபோது அவளுக்கே கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. திருப்தியாக ஒரு டீ போட்டுக் குடித்தாள்.

மகள் வந்தாள். ஜெர்சியைத் தூக்கிப் பார்த்தாள். வலது தோளைப் பார்த்தாள், இடது தோளைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா... கிழிசல் எங்க?"

"எங்கன்னு கேட்டியா? அப்படிக் கேளு!" என்று இழைக்காரி சிரித்தாள்.

"ஐயோ அம்மா! அந்தக் கிழிசலுக்குத்தானேம்மா அவ்வளவு காசு!"

அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்த டிரைவர் விஷயத்தைக் கேட்டதும், "அடிப்பாவி! கூரையையே தைச்சு மூடிட்டியேடி!" என்று தலையில் கை வைத்தார். பெட்டி தரையில் உருண்டது.

சற்று நேரம் கழித்து டிரைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? போட்ட நூலை உருவிடு. பழையபடி ஆயிடும். வாங்கினவருக்கு எப்படித் தெரியும்?"

"ஓரத்தையெல்லாம் நறுக்கிட்டேங்க."

"நாலு தடவை கையால தேச்சா தானா சிலும்பிக்கும்."

"அன்னைக்குக் கிழிச்சவன் எதிராளி. இன்னைக்கு நான் உருவினா அது நான் கிழிச்சது. அதை அந்தக் கிழிசல்னு சொல்லி விக்கச் சொல்றீங்களா? என்னால ஆகாது."

"கூரை?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று அப்படி ஒரு ஆற்றாமை.

"நீ அவருக்கு எழுதும்மா," என்றாள் மகளிடம். "நான்தான் தெரியாம தைச்சுட்டேன், வேணும்னா எடுத்துக்கங்க, வேண்டாம்னா விட்டுடுங்க, உங்களைக் குத்தம் சொல்லமாட்டோம்னு எழுது. இப்ப எப்படி இருக்குன்னு படமும் எடுத்து அனுப்பு."

டிரைவர் எழுந்து போய்ப் பெட்டியைப் பொறுக்கி ஓரமாக வைத்தார்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. 'நாளை நேரில் வருகிறேன். அதுவரை யாரும் ஜெர்சியைத் தொட வேண்டாம்.' அவ்வளவுதான். படித்துவிட்டு வீடே ஜெர்சியிடமிருந்து நாலடி தள்ளி நடந்தது.

புதன்கிழமை காலையிலிருந்தே தூறல். பத்து மணிக்குக் குடையை மடக்கியபடி உள்ளே வந்தவர் ஒல்லியாக, வாரிய தலையும் பவுடர் வாசனையுமாக இருந்தார். வேறோர் ஊரில் சலூன் வைத்திருக்கிறாராம், நாலு மணிநேரப் பஸ் பயணம். வணக்கம் சொல்லும்போதே அவர் கண் டிரைவரின் தலைக்குப் போய்விட்டது.

"உங்களுக்கு யாருங்க வெட்டுறது?"

"ஏங்க?"

"சும்மாதான்," என்றார் சலூன்காரர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

மகள் ஜெர்சியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டார். இடது தோளைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா இருந்துது?"

வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கேள்வி இழைக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. காட்டுவதற்காகக் கையை நீட்டினாள். அவளுக்கும் உடனே கிடைக்கவில்லை. நகத்தால் தடவித் தடவித்தான் தொடக்கத்தைப் பிடித்தாள்.

"இங்கருந்து இது வரைக்கும். தப்பு என்னுதுதாங்க. கிழிஞ்சதைப் பாத்தா என் கை சும்மா இருக்காது. கூடப் பொறந்த வியாதி. வேண்டாம்னா விட்டுடுங்க, உங்க பஸ் செலவையும் நாங்க குடுத்துடுறோம்."

சலூன்காரர் ஜெர்சியை மேஜையில் விரித்து வைத்தார்.

"நான் துணிய வாங்கலைம்மா," என்றார். "அந்த இழுப்பை வாங்கினேன். நான் பதினெட்டு வயசுல ரேடியோல கேட்ட ஆட்டம் அது. பிடிச்சு இழுத்தும் நிக்கலையே மனுஷன்! எனக்குக் கஷ்டம் வர்றப்பல்லாம் அதைத்தான் நினைச்சுக்குவேன்." உள்ளங்கையை இடது தோளின் மேல் வைத்து மூடிக்கொண்டார். "பரவாயில்ல. கிழிசல் போனாலும் இடம் இருக்குல்ல? எதிராளி கை பட்ட இடம் இதுதானே. நீங்க மறைக்காம சொன்னதே பெருசு. சொன்ன விலை சொன்ன விலைதான்."

இழைக்காரிக்கு உயிர் வந்தது. கூரை கிடைத்துவிட்டது. டீ எடுத்து வரட்டுமா என்று எழுந்தாள்.

"கையை எடுத்துடுங்க," என்றார் டிரைவர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சுவரோரம் நின்றபடியே பேசினார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"அங்க எந்த எதிராளி கையும் படலைங்க. அது கிரவுண்ட்ல கிழியலை. என் பஸ் கதவுல மாட்டிக் கிழிஞ்சுது."

"என்னப்பா சொல்றீங்க?" என்றாள் மகள்.

"ஜெயிச்சுட்டு வர்றாங்க. கூட்டம்னா கூட்டம், வண்டியே ஆடுது. நான் வேலைக்குச் சேந்து மூணாவது வாரம்தான். எல்லாரும் ஏறியாச்சுன்னு நினைச்சுக் கதவைச் சாத்திட்டேன். கேப்டன் தோள் கதவுக்குள்ள. அவர் வெடுக்குனு இழுத்தார், டர்ருனு போச்சு. அன்னைக்கே அந்த ஜெர்சியைக் கண்ணாடி போட்டு ஆபீஸ்ல மாட்டணும்னு மேனேஜர் சொல்லி வெச்சிருந்தார். ஓடி வந்து எவன்டா கிழிச்சதுன்னு கத்துறார். என் வேலை போச்சுன்னு நின்னேன். கேப்டன்தான், கிரவுண்ட்லயே கிழிஞ்சிடுச்சு சார், அவன் இழுத்தான்ல அப்பன்னு சொன்னார். கிழிஞ்சதையெல்லாம் மாட்ட முடியாது, வேற குடுன்னு மேனேஜர் போயிட்டார். இவர் இதைக் கழட்டி என் மடியில போட்டார். தோள்ல ஒரு தட்டு தட்டி, போ, வண்டிய எடுன்னார்."

"அப்ப குறிப்புல நான் எழுதினது?" என்றாள் மகள்.

"பொய்தான்மா. உங்கம்மா தைச்சதும், சாட்சியும் போச்சு, இனிமே யாருக்கும் தெரியாதுன்னு உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துது. ஆனா இவர் அதைத் தொட்டுக் கும்பிடுறதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியலை. அவ, கேக்காமலே தன் தப்பைச் சொன்னா. நான் இந்தச் சுவர்ல ஒட்டிக்கிட்டு நிக்கிறேன்."

இழைக்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. வந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னவள் அவளாயிற்றே.

"இருபத்தேழு வருஷம்! என்கிட்டகூடச் சொல்லலையேங்க!"

"உன்கிட்டதான்டி மொதல்ல சொன்னேன், அந்தப் பொய்யை. கல்யாணமாகி ஒரு மாசம். வேலை போகப் பாத்துதுன்னு எப்படிச் சொல்றதுன்னு இதைச் சொன்னேன். நீ கண்ணை விரிச்சுக்கிட்டுக் கேட்ட. அவ்வளவு சந்தோஷம் உன் மூஞ்சில. அப்புறம் எப்படி மாத்துறது?"

அவளால் திட்டவும் முடியவில்லை, திட்டாமலிருக்கவும் முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சலூன்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்கு அழுகை வருமோ என்று மகள் பயந்துபோய்ப் பார்த்தாள். அவரோ தன் நெற்றியிலேயே ஓர் அடி அடித்துக்கொண்டார்.

"என் கடையில கேப்டன் கோப்பையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற போட்டோ இருக்குங்க. பேப்பர்ல வந்ததைப் பெருசு பண்ணி மாட்டியிருக்கேன். ஆட்டம் முடிஞ்சதும் எடுத்தது. அதுக்குக் கீழதான் தினமும் முடி வெட்டுறேன். அதுல ரெண்டு தோளும் முழுசா இருக்கு! எத்தனை வருஷமாப் பாக்குறேன், ஒருநாள் பாக்கலை பாருங்க!"

"நீங்க எங்களைக் கேட்டிருக்கலாமே," என்றாள் மகள் மெதுவாக.

"எங்கம்மா கேட்டேன்? கேளு கேளுன்னு அவங்க தடியா எழுதி வெச்சிருக்காங்க. எதிர்ல ஒருத்தன் ஏத்திக்கிட்டே போறான், எனக்கு வீம்பு. விட்டுடுவேனா நான்! கேள்வி கேட்டா அந்த நேரத்துல அவன் தூக்கிட்டுப் போயிடுவான்னு பயம்." அவர் ஜெர்சியை மறுபடி கையில் எடுத்தார். இந்தத் தடவை தோளை மூடவில்லை, மொத்தமாக மடியில் வைத்துக்கொண்டார். "யாருன்னே தெரியாத ஒரு டிரைவருக்காக ஜெயிச்ச சட்டையைக் கழட்டிக் குடுத்திருக்கார். நான் இதை விட்டுட்டுப் போவேனா? முழுக் காசும் தர்றேன்."

"பாதி குடுங்க," என்றாள் இழைக்காரி.

டிரைவரும் மகளும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னம்மா பாதி? விலை சொன்னது நான்."

"பொய் சொன்னதுக்குப் பாதி நஷ்டம் எங்களோட. பாக்காம விலை ஏத்தினதுக்குப் பாதி உங்களோட. அவ்வளவுதான் கணக்கு."

"முக்காலாவது வாங்கிக்கங்க."

"பாதி."

"பிடிவாதம் பண்ணாதீங்கம்மா, கூலின்னு ஒண்ணு இருக்குல்ல, இவ்வளவு நல்லா தைச்சிருக்கீங்க!"

"நீங்க தைக்கச் சொல்லலையே."

"ரெண்டு பேரும் எந்தப் பக்கம் இழுக்குறீங்கன்னு தெரிஞ்சுதான் இழுக்குறீங்களா?" என்று மகள் நடுவில் புகுந்தாள். கடைசியில் பாதிதான் நின்றது.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரவேண்டும் என்றார் சலூன்காரர். மகள் எழுத உட்கார்ந்ததும் டிரைவர் பேனாவை வாங்கிக்கொண்டார். 'இந்த ஜெர்சி ஆட்டத்தில் கிழியவில்லை. என் பஸ் கதவில் கிழிந்தது. கதவைச் சாத்தியவன் நான். தைத்தவள் என் மனைவி.' கையெழுத்தும் போட்டார். தோற்றுப்போன அந்த இன்னொருவருக்கும் தெரியட்டும் என்று மகள் ஏலப் பக்கத்திலும் அதையே போட்டாள். அந்த நேரத்துக்குள் சலூன்காரர் பையிலிருந்து சீப்பையும் கத்திரியையும் எடுத்துவிட்டார். கேட்டால், கையோடு இருக்கும் என்றார். தூறல் விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஜன்னலோரம் டிரைவரை உட்கார வைத்து, வந்ததிலிருந்து தன்னை உறுத்திக்கொண்டிருந்ததைச் சரி செய்தார். போகும்போது டிரைவர் பத்து வயது குறைந்திருந்தார். இழைக்காரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள், கோபத்தை மறந்து.

சனிக்கிழமை கூரைக்காரர் வந்தார். வேலை நடக்கிற பக்கத்துக்கு மட்டும் புது ஷீட்டு, கட்டில் கிடக்கிற பக்கம் அடுத்த வருஷம் என்று முடிவாகியிருந்தது. உள்ளே இழைக்காரி ஒரு கோட்டின் முழங்கையில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். மேலே பழைய தகரம் பெயரும் சத்தம். ஆணிகளைப் பிடுங்கியபடியே கூரைக்காரர் கேட்டது அவளுக்கும் கேட்டது.

"முழுசும்னுதானே சொன்னீங்க? ஏன் பாதியாயிடுச்சு?"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த டிரைவருக்கு இது போதாதா?

"அது ஒரு பெரிய கதைங்க! நான் கதவைச் சாத்துறேன். கேப்டன் தோள் உள்ள மாட்டிக்குது. ஆயிரம் பேர் கூட்டம், இடி மாதிரி கத்துறாங்க. சட்டை கிழியுது. எல்லாம் போச்சுன்னு நான் நிக்கிறேன். கேப்டன் என்ன பண்ணார் தெரியுமா? அப்படியே வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, தம்பி, கோப்பையைவிட எனக்கு நீதான்டா முக்கியம்னு சொல்லி அழு..."

"அழலை!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "கட்டிப்பிடிக்கவும் இல்லை! தோள்ல தட்டிட்டு வண்டிய எடுன்னார், அவ்வளவுதான்!"

கூரைக்காரர் சுத்தியலை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். டிரைவர் ஏணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார். "வண்டிய எடுன்னார். எடுத்தேன்."